ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்: இன்னொரு ஜெனரேட்டர் கட்டுவதற்கு முன்னால்

சிறுகோளுக்குள் காலனி கட்டிப் பிழைக்கும் கணினி விளையாட்டான ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் ஆடுகிற எல்லோருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். முப்பதோ நாற்பதோ சைக்கிள் (ஆட்டத்தின் நாள்) ஆகியிருக்கும், எட்டு டூப்ளிகன்ட் (காலனியின் ஆட்கள், சுருக்கமாக டூப்), சாப்பாடு ஓரளவு கையிருப்பில் இருக்கிறது, இனி நிம்மதி என்று கை ஓயும்போது எங்கேயோ ஒரு ஒயர் புகைந்து அறுந்து போகும். லைட் அணையும், ஆக்ஸிஜன் டிஃப்யூஸர் நிற்கும், ஆராய்ச்சி பாதியில் கிடக்கும். உடனே கை என்ன செய்யும்? பக்கத்தில் இன்னொரு கோல் (நிலக்கரி) ஜெனரேட்டர் கட்டும். நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த சைக்கிளில் அதே ஒயர் இன்னும் சீக்கிரம் எரிந்தது.

ஏன் என்று புரிய எனக்கு இரண்டு காலனி ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் மூல ஆட்டத்துக்கானவை, டிஎல்சி (தனியாக வரும் விரிவாக்கம்) பக்கம் போகவில்லை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒயர், எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. சாதாரண ஒயர் தாங்குவது 1 கிலோவாட். அதே ஒயரில் பத்து ஜெனரேட்டரை மாட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மெஷின்கள் சேர்ந்து 1000 வாட்டுக்கு மேல் சில நொடி தொடர்ந்து இழுத்தால் ஏதாவது ஒரு துண்டு போய்விடும். ஜெனரேட்டர் குறைவாக இருந்தபோது பாதி மெஷின்கள் கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தன, அதனால் ஒயர் பிழைத்தது. புது ஜெனரேட்டர் வந்ததும் அவையும் எழுந்து ஓட ஆரம்பித்தன. ஒயர் எரிந்ததற்கு நான் கட்டிய ஜெனரேட்டர்தான் காரணம்.

எஃப்2 அழுத்தினால் மின்சார ஓவர்லே வரும். ஏதாவது ஒரு ஒயரைச் சொடுக்கிப் பாருங்கள், அந்த சர்க்யூட்டில் இப்போது எவ்வளவு லோடு, எல்லாம் ஒன்றாக ஓடினால் எவ்வளவு லோடு வரும் என்று இரண்டு எண் காட்டும். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு சரி என்று போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

ஒரு சாதாரண தொடக்க பேஸை எடுத்துக்கொள்வோம். டிஃப்யூஸர் இரண்டு, ஒன்றுக்கு 120 வீதம் 240. கழிவறைக்குத் தண்ணீர் தரும் லிக்விட் பம்ப் 240. ரிசர்ச் ஸ்டேஷன் 60, சூப்பர் கம்ப்யூட்டர் 120. சாப்பாடு செய்யும் மைக்ரோப் மஷர் 240, எலக்ட்ரிக் கிரில் 60. இதுவரை 960. கூட நாலு லைட், ஒன்றுக்கு 10. ஆக, சரியாக 1000. கோட்டின் மேலே நிற்கிறோம். இப்போது கொஞ்சம் உலோகம் வேண்டும் என்று 240 வாட் ராக் க்ரஷரை அதே ஒயரில் மாட்டுகிறீர்கள். அன்றைக்கே ஒன்றும் ஆகாது. மஷரில் ஆள் இல்லாத நேரம், பம்ப் நின்றிருக்கும் நேரம் எல்லாம் தப்பித்துக்கொண்டே இருப்பீர்கள். என்றைக்கோ ஒரு காலையில் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் எல்லா டூப்களும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போவார்கள், கழிவறையில் வரிசையாகத் தண்ணீர் போயிருக்கும், பம்ப்பும் ஓட ஆரம்பிக்கும். அப்போது போகும். காரணமே இல்லாமல் திடீரென்று எரிகிறது என்று நாம் புலம்புவது இதைத்தான்.

இன்னொரு கொடுமை. கண்டக்டிவ் ஒயர் 2 கிலோவாட் தாங்கும் என்று கஷ்டப்பட்டு முழு லைனையும் மாற்றியிருப்பீர்கள், ஆனால் நடுவில் எங்கேயோ ஒரே ஒரு கட்டத்தில் பழைய ஒயர் இருந்துவிடும், அல்லது ஒரு சாதாரண ஒயர் பிரிட்ஜ் (ஒரு ஒயரை இன்னொன்றின் மேல் தாண்ட வைப்பது). அந்தத் துண்டுக்கு இன்னும் 1 கிலோவாட்தான். மொத்த லோடும் அதற்கும் பொருந்தும் என்பதால் அதுதான் திரும்பத் திரும்பப் போகும். ஒரு காலனியில் ஏணிக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு பிரிட்ஜைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அது எரிவதும், மீப் என்ற டூப் ஓடிப் போய்ச் சரி செய்வதும், திரும்ப எரிவதுமாக ஏழெட்டு தடவை. அந்தப் பையன் எங்கே ஓடுகிறான் என்று அவன் பின்னாலேயே போய்ப் பார்த்திருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும்.

வாட் வேறு, ஜூல் வேறு

ஒயருக்கு வாட் கணக்கு. நிலக்கரிக்கும் பேட்டரிக்கும் ஜூல் கணக்கு. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல், அவ்வளவுதான். ஆட்டத்தில் ஒரு சைக்கிள் 600 நொடி.

இதை வைத்துக்கொண்டு பேட்டரியைப் பாருங்கள். சின்ன பேட்டரி 10 கிலோஜூல். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். 600 வாட் இழுக்கும் பேஸுக்கு அது 17 நொடிக்குக்கூட வராது. ஸ்மார்ட் பேட்டரி 20 கிலோஜூல், 33 நொடி. ஜம்போ 40 கிலோஜூல், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதனால் கரண்ட் பற்றவில்லை என்று வரிசையாக ஆறு ஜம்போ பேட்டரி கட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை, ஒட்டுமொத்தமாக நானூறு நொடி கிடைக்கும், ஒரு சைக்கிள்கூடத் தாண்டாது. அதோடு ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரியைச் சேமிப்புக் கிடங்காக நினைக்காதீர்கள். ஜெனரேட்டருக்கு எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் கருவியாக நினையுங்கள்.

அடுத்து, எந்த மெஷின் நிஜமாகவே தின்கிறது என்பது. எல்லோரும் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து பயப்படுகிறோம். மைக்ரோப் மஷர் 240, ஐயோ. ஆனால் அது டூப் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது மட்டும்தான் இழுக்கும். ஒரு சைக்கிளில் மொத்தம் நூறு நொடி ஓடினால் 24 கிலோஜூல். அதே 240 வாட் கேஸ் பம்ப் எங்கேயோ மூலையில் யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடினால் 144 கிலோஜூல். ஆறு மடங்கு. கிரில், ரிசர்ச் ஸ்டேஷன், ராக் க்ரஷர், மெட்டல் ரிஃபைனரி எல்லாம் ஆள் நின்றால் மட்டும் ஓடுகிற ஜாதி. பம்ப், டிஃப்யூஸர், எலக்ட்ரோலைசர், வாட்டர் சீவ், ஃபில்டர், குழாய்த் தண்ணீரைக் குளிர்விக்கும் அக்வாட்யூனர் எல்லாம் தானாக ஓடுகிற ஜாதி. ஒயரை எரிப்பது முதல் ஜாதி, நிலக்கரியைத் தீர்ப்பது இரண்டாவது ஜாதி. எந்தப் பிரச்சினை உங்களுக்கு என்பதைப் பொறுத்துத்தான் எதில் கை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

தானாக ஓடுகிறவற்றில் மோசமானது கேஸ் பம்ப்தான். அது நொடிக்கு 500 கிராம் வரை இழுக்கும். ஆனால் சுற்றிலும் காற்று மெலிந்துபோய் சில கிராம்தான் கிடைக்கிறது என்றாலும் அதே 240 வாட்டைக் கூசாமல் எடுத்துக்கொள்ளும். பேஸின் அடியில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச ஒரு பம்ப் போட்டிருப்பீர்கள் இல்லையா, போய்ப் பாருங்கள், கிட்டத்தட்ட வெற்றிடத்தில் நின்று வீறிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு அட்மோ சென்சார் வையுங்கள், காற்றழுத்தம் 500 கிராமுக்கு மேல் என்றால் மட்டும் பச்சை சிக்னல், சிக்னலைக் கடத்தும் ஆட்டோமேஷன் ஒயரை பம்ப்போடு இணையுங்கள். அவ்வளவுதான். என் பேஸில் நிலக்கரிச் செலவு இந்த ஒரு வேலையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

லிக்விட் பம்ப் அவ்வளவு மோசமில்லை. குழாய் நிரம்பிவிட்டால் அது தானாக நின்றுவிடும். ஃபில்டர்கள் ஒன்றுக்கு 120 வாட், நிறைய பேர் பயந்துபோய் ஒவ்வொரு குழாயிலும் ஒன்று மாட்டி வைத்திருப்பார்கள். குழாயில் வருவதைக் கண்டுபிடிக்கும் எலிமென்ட் சென்சாரும் 10 வாட் ஷட்டாஃபும் வைத்தால் அதே வேலை நடக்கும். ஃப்ரிட்ஜ் முன்பெல்லாம் முழு நேரமும் 120 வாட் தின்னும், பிறகு வந்த அப்டேட்டில் உள்ளே இருப்பது குளிர்ந்ததும் 20 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது, அதனால் பழைய வீடியோ பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜை அணைத்து வைக்காதீர்கள். லைட்டுக்கு மோஷன் சென்சார் மாட்டி மிச்சம் பிடிப்பதும் வேண்டாத வேலை. பத்து வாட் விளக்கு வெளிச்சத்தில் டூப்கள் வேகமாக வேலை செய்கிறார்கள், எரியட்டும் விடுங்கள்.

லிக்விட் டெபிடைசர் என்று ஒன்று இருக்கிறது, தண்ணீரைச் சூடாக்குவது, 960 வாட். கழிவறைத் தண்ணீரில் கிருமி சாக வேண்டும் என்று ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடுகிற சாமான். இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கோல் ஜெனரேட்டரும் ஸ்மார்ட் பேட்டரியும்

கோல் ஜெனரேட்டர் 600 வாட் தரும், நொடிக்கு 1 கிலோ நிலக்கரி எரிக்கும். சைக்கிளுக்கு 600 கிலோ. பேட்டரி நிரம்பியிருக்கிறதா, யாருக்காவது கரண்ட் வேண்டுமா, எதுவும் அதற்குக் கவலை இல்லை, உள்ளே கரி இருக்கும் வரை எரித்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு ஸ்லைடர் உண்டு, பேட்டரி இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் டூப் கரி கொண்டுவந்து போட வேண்டும் என்று. அது கரி போடுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே போட்டது எரிந்தே தீரும்.

உங்கள் பேஸ் சராசரியாக 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்கு 180 கிலோஜூல். ஒரு கிலோ கரியில் 600 ஜூல் வருகிறது, ஆக நிஜமாகத் தேவை 300 கிலோ. மீதி 300 கிலோ ஒன்றுக்கும் ஆகாமல் புகையாகவும் சூடாகவும் போகிறது. ஹாட்ச் என்ற பிராணியை வளர்க்கிறவர்களுக்கு இதை வேறு மாதிரி சொல்கிறேன். ஒரு சாதாரண ஹாட்ச் சைக்கிளுக்கு 140 கிலோ கல்லைத் தின்று 70 கிலோ கரி போடும். நிற்காமல் ஓடும் ஒரு ஜெனரேட்டருக்கு ஒன்பது ஹாட்ச் வேண்டும். தேவைக்கு மட்டும் ஓடினால் ஐந்து போதும்.

இதற்கு ஒரு ஸ்மார்ட் பேட்டரிதான் மருந்து. சுத்திகரித்த உலோகம் வேண்டும், ராக் க்ரஷரில் 100 கிலோ தாதுவைப் போட்டால் 50 கிலோ உலோகமும் 50 கிலோ மணலும் வரும், நஷ்டம்தான், இருந்தாலும் முதல் ஸ்மார்ட் பேட்டரிக்காக அந்த நஷ்டத்தைத் தாங்கலாம். பேட்டரியைக் கட்டி, ஆட்டோமேஷன் ஒயரை அதிலிருந்து ஜெனரேட்டருக்கு இழுங்கள். நடுவில் எந்த லாஜிக் கேட்டும் வேண்டாம். பேட்டரி கீழ் வரம்புக்கு இறங்கியதும் பச்சை சிக்னல் கொடுக்கும், மேல் வரம்பைத் தொட்டதும் சிவப்பு. ஜெனரேட்டர் அதைப் பார்த்து ஓடும், நிற்கும்.

வரம்பு என்ன வைப்பது? மேலே 95, கீழே 20 போல வைத்துவிட்டு நான் அப்படியே விட்டுவிடுவேன். கீழே 10, 0 என்று ரொம்ப இறக்கி வைக்காதீர்கள். கடைசி 10 சதவீதம் என்பது 2 கிலோஜூல், 600 வாட் லோடில் மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல். கோல் ஜெனரேட்டர் சிக்னல் வந்ததும் எழுந்துவிடும், ஆனால் உள்ளே கரி இல்லாமல் டூப் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தால் மூன்று நொடிக்குள் எங்கே வருவார்?

ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஜெனரேட்டர் இருந்தால் இதையே அடுக்காகச் செய்யலாம். தானாகக் கிடைக்கிற எரிபொருள் முதலில், காசு கொடுத்து வாங்குகிற மாதிரியான எரிபொருள் கடைசியில். ஹைட்ரஜன் ஜெனரேட்டரோடு ஒரு ஸ்மார்ட் பேட்டரியை இணைத்து 95, 80 என்று வையுங்கள். கோல் ஜெனரேட்டரோடு இன்னொன்று, 60, 30. ஹைட்ரஜன் தாக்குப்பிடிக்கும் வரை கரிக்கு வேலையே வராது. சில நாள் போய்ப் பார்த்தால் கரி குவிந்து கிடக்கும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோல் ஜெனரேட்டர் சுற்றுப்புறத்துக்கு நொடிக்கு 9 கிலோ டிடியு சூடு விடும். ஆட்டத்தின் வெப்ப அளவு அது. மீல்வுட் செடி 30 டிகிரியைத் தாண்டினால் வளராமல் நின்றுவிடும். முதல் காலனியில் நான் ஜெனரேட்டர் இரண்டையும் பேட்டரிகளையும் பண்ணைக்கு நேர் கீழே, ஒயர் மிச்சம் என்று வைத்தேன். எழுபதாவது சைக்கிள் வாக்கில் பட்டினி. கரண்டைச் சரி செய்யப் போய்ச் சோற்றில் மண். தேவைக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடினால் சூடும் அந்த அளவுக்குக் குறையும், ஸ்மார்ட் பேட்டரி போட இது இன்னொரு காரணம். அதோடு பவர் ரூமை பேஸுக்கு ஒரு ஓரமாக, சாப்பாட்டுச் செடிகளுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர்

இதைத் தள்ளிப்போடுவதால்தான் பலர் நூறாவது சைக்கிளில் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பார்க்கச் சிக்கலாகத் தெரியும், விஷயம் வீட்டு வாசலில் நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான்.

ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் ஒரு தடித்த ஒயரில். அதுதான் முதுகெலும்பு. ஹெவி-வாட் ஒயர் 20 கிலோவாட் தாங்கும், ஹெவி-வாட் கண்டக்டிவ் 50. இந்த ஒயரில் எந்த மெஷினையும் நேராக மாட்டாதீர்கள். அதிலிருந்து சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஒவ்வொரு பகுதிக்கும் சாதாரண ஒயரில் ஒரு கிளை. சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் 1 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்காது, சாதாரண ஒயர் 1 கிலோவாட் தாங்கும், ஆகவே அந்தக் கிளை எரியவே எரியாது. லோடு அதிகமானால் அந்தக் கிளையில் ஏதாவது ஒரு மெஷின் சற்று நேரம் நிற்கும், அதோடு முடிந்தது. ஒயர் எரிந்து மொத்த பேஸும் இருட்டாவதற்கு இது எவ்வளவோ மேல்.

கண்டக்டிவ் ஒயரில் கிளை எடுத்தால் இரண்டு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் வெளியீட்டையும் அதே ஒயரில் சேருங்கள், மொத்தம் 2 கிலோவாட், ஒயர் தாங்குவதும் 2. பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது 4 கிலோவாட் வரை விடும், 2 கிலோவாட் ஒயரில் மாட்டினால் பாதுகாப்பே இல்லை.

ஹெவி-வாட் ஒயரில் ஒரு தொல்லை, அது சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ நுழையாது, அதற்கென்று உள்ள ஜாயின்ட் பிளேட் வைத்துத்தான் தாண்ட வேண்டும். பார்க்கவும் அசிங்கம், அழகு மதிப்பு −25, படுக்கையறை வழியாக இழுத்தால் டூப்கள் மனம் உடைந்து போவார்கள். ஒரு கட்டத்துக்கு 100 கிலோ தாது வேறு. அதனால் முதுகெலும்பைக் குட்டையாக வையுங்கள், பவர் ரூமுக்குள்ளேயே ட்ரான்ஸ்ஃபார்மர்களையும் அடுக்கிவிட்டு, வெளியே போவது எல்லாம் மெல்லிய ஒயராக இருக்கட்டும்.

மெட்டல் ரிஃபைனரியும் அக்வாட்யூனரும் ஒவ்வொன்றும் 1200 வாட். கவனித்தீர்களா, வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் தனி ஒருவராகச் சாதாரண ஒயரை எரித்துவிடுவார்கள். கண்டக்டிவ் ஒயருக்கோ சுத்திகரித்த உலோகம் வேண்டும், அதை க்ரஷர் மாதிரி நஷ்டமில்லாமல் எடுக்க ரிஃபைனரி வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ரிஃபைனரியை மட்டும் பவர் ரூமுக்குப் பக்கத்தில் வைத்து நேராக ஹெவி-வாட் ஒயரில் மாட்டுங்கள், அது தாதுவிலேயே கட்டலாம். மெஷினை நேராக மாட்டாதே என்று மேலே சொன்னேன், இது ஒன்றுதான் விலக்கு.

கிளைகளைப் பிரிக்கும்போது இடத்தை வைத்துப் பிரிக்காமல், எது நின்றால் ஆள் சாவான் என்பதை வைத்துப் பிரியுங்கள். ஆக்ஸிஜனும் அதன் பம்ப்களும் தனிக் கிளை, அதில் வேறு ஒரு லைட்கூட வேண்டாம். சமையலும் ஃப்ரிட்ஜும் ஒன்று. ஆராய்ச்சி ஒன்று. தொழிற்சாலைச் சாமான்கள் ஒன்று. அந்தக் கடைசிக் கிளைக்கு முன்னால் ஒரு பவர் ஷட்டாஃப் வைத்து, முதுகெலும்பில் தனியாக ஒரு ஸ்மார்ட் பேட்டரியிலிருந்து நாட் கேட் வழியாக சிக்னல் கொடுத்தால், பேட்டரி குறைந்ததும் தொழிற்சாலை மட்டும் தானாக நின்றுவிடும். பேட்டரி குறையும்போது பச்சை கொடுக்கும், ஷட்டாஃபுக்குப் பச்சை என்றால் திற என்று பொருள், அதைத் தலைகீழாக்கத்தான் நாட் கேட். இதை மறந்து நேராக இணைத்தால் கரண்ட் இல்லாதபோது மட்டும் ஓடும் ஒரு அபூர்வத் தொழிற்சாலை கிடைக்கும். அனுபவம்தான்.

ஒயர் இழுக்கும்போது மவுஸ் கொஞ்சம் நழுவி இரண்டு கிளைகள் ஒரு கட்டத்தில் தொட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே சர்க்யூட் ஆகிவிடும். கிளை போய் முதுகெலும்பைத் தொட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் கட்டி முடித்ததும் எஃப்2 போட்டு, கிளையின் மேல் மவுஸை வைத்து, எது எதெல்லாம் ஒளிர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எலக்ட்ரோலைசர் கணக்கு

டிஃப்யூஸர் தின்னும் ஆல்கா (பாசி) தீரத் தீர அதை விட்டு, தண்ணீரைப் பிரித்து ஆக்ஸிஜன் தரும் எலக்ட்ரோலைசருக்கு மாறித்தான் ஆக வேண்டும். மின்சாரக் கணக்கில் இந்த ஆட்டத்தின் அழகான இடம் இதுதான் என்று சொல்வேன். நொடிக்கு 1 கிலோ தண்ணீர் போட்டால் 888 கிராம் ஆக்ஸிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் வரும். ஒரு டூப் நொடிக்கு 100 கிராம் மூச்சு விடுகிறார், ஆக எட்டு பேருக்குத் தாராளம். எலக்ட்ரோலைசருக்கு 120 வாட், வரும் 1 கிலோ வாயுவை வெளியே எடுக்க இரண்டு கேஸ் பம்ப், 480. மொத்தம் 600. ஹைட்ரஜன் ஜெனரேட்டர் நொடிக்கு 100 கிராம் எரித்து 800 வாட் தரும், நம்மிடம் இருப்பது 112 கிராம், சராசரியாக 896 வாட்டுக்குச் சமம். தண்ணீர் இறைக்கும் பம்ப் 10 கிலோவுக்கு 240 வாட் என்பதால் இந்த 1 கிலோவுக்கு அதன் பங்கு 24 தான். எல்லாம் போக 270 வாட் போல கையில் நிற்கும். மூச்சுக்காற்றும் கிடைத்து, கரண்டும் மிஞ்சுகிறது.

ஆனால் இங்கே ஃபில்டர் போட்டால் அந்த மிச்சத்தில் 120 போய்விடும். வேண்டாம். ஹைட்ரஜன் லேசு, மேலே ஏறி நிற்கும். அறையை உயரமாகக் கட்டி மேலே ஒரு பம்ப், கீழே ஆக்ஸிஜனுக்கு மற்றவை, ஒவ்வொன்றுக்கும் சென்சார் வைத்து அதனதன் வாயு வந்தால் மட்டும் ஓட விடுங்கள். வரும் ஆக்ஸிஜன் 70 டிகிரி சூட்டில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், அப்படியே படுக்கையறைக்கு விட்டால் சில சைக்கிளில் பண்ணை வாடும். இந்த அமைப்பை முதுகெலும்போடு சேர்க்காமல் தனித்தீவாக வைத்துவிடுவது என் பழக்கம். பேஸில் என்ன கூத்து நடந்தாலும் மூச்சு மட்டும் நிற்காது.

இதற்கு மேல் வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே வரும்போது உங்களுக்கே கணக்குப் பழகியிருக்கும். இயற்கை எரிவாயு ஜெனரேட்டர் நொடிக்கு 90 கிராமில் 800 வாட், கீசர் ஒன்று கிடைத்துவிட்டால் கரியை மறக்கலாம், அசுத்தத் தண்ணீர் சொட்டும், அதற்கு வடிகால் வையுங்கள். பெட்ரோலியம் ஜெனரேட்டர் 2000 வாட், ஆனால் நொடிக்கு 2 கிலோ குடிக்கும், அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். சோலார் பேனல் அதிகபட்சம் 380, இரவில் பூஜ்யம், விண்கல் விழும். அக்வாட்யூனரை ஸ்டீம் டர்பைனோடு சேர்த்துக் குளிரூட்டும்போது 1200 வாட் முழுவதும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம், குழாயில் தண்ணீர் 10 கிலோவாக நிரம்பி ஓடினால் கிட்டத்தட்டப் பாதியை டர்பைன் திருப்பித் தந்துவிடும். நிரம்பி ஓடினால் என்றேன். குழாயில் அரைகுறையாகத் தண்ணீர் போனாலும் அக்வாட்யூனர் அதே 1200 தான் இழுக்கும். போதுமான அளவு குளிர்ந்ததும் நிற்க ஒரு பைப் தெர்மோ சென்சாரும் மாட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, வளர்ந்த பேஸ்களுக்கு. எல்லாம் ஆட்டோமேட் செய்தாகிவிட்டது என்ற திமிரில் ஒரு காலனியில் டூப்கள் சக்கரத்தில் ஏறி ஓடிக் கரண்ட் எடுக்கும் மேனுவல் ஜெனரேட்டர்கள் அத்தனையையும் இடித்துப் போட்டேன். கரியை ஜெனரேட்டரில் போட 120 வாட் ஆட்டோ-ஸ்வீப்பர், எரிவாயுவைக் கொண்டுவர 240 வாட் பம்ப். ஒருநாள் ஏதோ ஒரு குழாய் அடைத்து பேட்டரி பூஜ்யத்துக்கு வந்தது. கரண்ட் இல்லாததால் ஸ்வீப்பர் நின்றது, பம்ப் நின்றது. அவை நின்றதால் கரண்ட் இல்லை. கரி இரண்டு கட்டம் தள்ளிக் குவிந்து கிடக்கிறது, ஜெனரேட்டருக்குக் கையால் கரி போடும் வழியை நான்தான் சுவர் வைத்து அடைத்திருந்தேன். அந்த இருட்டில் சுவரை உடைத்து, ஒரு சக்கரத்தைக் கட்டி, ஒயர் இழுத்து, மீப்பை அதில் ஏற்றுவதற்குள் இரண்டு பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

இப்போது எந்த பேஸிலும் 400 வாட் மேனுவல் ஜெனரேட்டர் ஒன்று முதுகெலும்பில் மாட்டியபடி, ஸ்லைடர் 10 சதவீதத்தில், டூப்கள் சுலபமாக ஏறக்கூடிய இடத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கான சைக்கிளாக யாரும் அதைத் தொடுவதில்லை, தூசி படிந்து நிற்கிறது, இடிக்கவும் மாட்டேன்.